வேப்பனப்பள்ளிக்குப் போன சிவப்பு முட்டைகள்

ஜோலார்ப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கியபோது காலை ஐந்தரை மணி. 1956, பங்குனி மாதம். பிளாட்பாரத்தில் காபி என்று கூவியவரிடம் வாங்கியது காபி இல்லை. ஆனால் சூடாக இருந்தது. கையில் ஒரு தோல்பெட்டி. அதற்குள் வேட்டிகளுக்கு நடுவே ஒரு சிறு தகர டப்பா, டப்பாவில் சிவப்புச் சாயப்பொடி. மலாயாவிலிருந்து கடல் கடந்து வந்த பொடி. சென்னைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி அதைத் திறந்து மோந்து பார்த்து, "என்னய்யா இது, குங்குமமா?" என்று கேட்டார். "முட்டைக்குப் பூசுவது" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

திருப்பத்தூர், பர்கூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்கு முப்பது மைல் சொச்சம். பஸ் கட்டணம் பதினைந்து அணா. முன்பு இந்தப் பக்கம் ஒரு குட்டி ரயில் ஓடியதாம். "சண்ட வந்துச்சுங்க, தண்டவாளத்தப் புடுங்கிக்கினு போய்ட்டாங்க. எந்த ஊர்ல போட்டாங்களோ, அந்த ஊர்க்காரன் நல்லாருக்கட்டும்" என்றார் கண்டக்டர். பர்கூரில் பஸ் கால் மணி நேரம் நின்றது. சுற்றிலும் பாறைக் குன்றுகள். மலாயாவின் பச்சையையே முப்பது வருஷம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வெறும் கல் முதலில் கூசியது, பிறகு பழகிவிட்டது.

நான் யார், எதற்காக இந்தப் பயணம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதும் என் வேலை. பதினெட்டு வருஷத்துக்கு முன்பு, ஆற்று மணலில் ஈயம் அரித்துப் பிழைக்கும் ஆ லான் என்ற சீனத்தி ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். அது அவர்கள் கணக்கில் புலி வருஷம். புலி வருஷத்தில் பிறந்த பெண் தகப்பனுக்கு ஆகாது என்று ஜோசியன் சொல்லிவிட்டானாம். புருஷன் வீட்டில் வைக்க விடவில்லை. எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கும் முனியப்பனுக்கும் அவன் பெண்சாதிக்கும் பிள்ளை இல்லை. நான்தான் கைமாற்றி விட்டேன். குழந்தைக்கு அன்று இருபத்திரண்டாம் நாள்.

சீனர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை பிறந்து முப்பதாம் நாள்தான் கொண்டாட்டம். முட்டையை வேகவைத்துச் சிவப்புச் சாயம் ஏற்றி உற்றார் உறவினர் எல்லோருக்கும் கொடுப்பார்கள். ஆண் என்றால் ஒற்றைப்படை, பெண் என்றால் இரட்டைப்படை என்பது ஆ லான் ஊர்க் கணக்கு. முட்டை என்றால் உயிர். சிவப்பு என்றால் மகிழ்ச்சி, கெட்டது அண்டாது. ஒரு முட்டையைக் குழந்தையின் தலையிலும் கன்னத்திலும் மெல்ல உருட்டி, பிறகு உரித்துத் தின்பார்கள். அன்றைக்குத்தான் பெயரும் வைப்பார்கள். அதுவரை அந்தக் குழந்தை ஊருக்குக் கணக்கில்லை.

முனியப்பன் நாற்பத்தெட்டில் குடும்பத்தோடு சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டான். ஊர், கிருஷ்ணகிரிக்கு வடக்கே வேப்பனப்பள்ளியைத் தாண்டி. (எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, பெண்ணையும் லட்சுமி என்றே வைத்துக்கொள்வோம். அங்கே வாழவேண்டியவள் அவள்.) நான் இந்தத் தடவை லீவில் புறப்படும்போது, லட்சுமி பிள்ளை உண்டாகியிருப்பதை ஆ லானிடம் சொன்னேன். மறுநாள் இந்த டப்பாவோடு வந்து நின்றாள். எங்களுக்குள் பேச்சு கடைத்தெரு மலாயில்தான். அவள் கேட்டது இரண்டு. பேரப்பிள்ளையின் முப்பதாம் நாளில் சிவப்பு முட்டை கொடுக்க வேண்டும். அதில் ஒன்றைத் தனியாக எடுத்து லட்சுமியின் கையில் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவளுடைய முப்பதாம் நாளுக்கு யாரும் முட்டை கொடுக்கவில்லை. இரண்டாவது, முப்பதாம் நாளுக்காக மனசுக்குள் வைத்திருந்த பெயரை அவளுக்குச் சொல்ல வேண்டும். ஸாவ் யிங். பதினெட்டு வருஷமாக அந்தப் பெயர் ஒருத்தி வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது. இரண்டையும் செய்து முடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சென்னையில் தங்கை வீட்டில் இருந்தபோது முனியப்பனின் கார்டு வந்தது. பெண் குழந்தை, முப்பதாம் நாள் தொட்டில் போட்டுப் பெயர் வைக்கிறோம், சம்பந்தி வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போகிறார்கள், அவசியம் வரவும் என்று. இரண்டு தேசத்து முப்பதாம் நாளும் ஒன்றாகப் பொருந்தியதைப் பார்த்து, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று துள்ளினேன்.

காலை ஒன்பது மணி. கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பாய் டீக்கடை. பெண் பிள்ளைக்கு இரட்டைப்படையில் பன்னிரண்டு, லட்சுமிக்குத் தனியாக ஒன்று, ஆகப் பதின்மூன்று முட்டை வாங்கி, அவர் அடுப்பிலேயே வேகவைத்து, ஒரு குவளையில் பொடியைக் கரைத்து ஒவ்வொன்றாக முக்கி எடுத்தேன். சூடு ஆறுவதற்குள் துளி எண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும் என்று ஆ லான் சொல்லியிருந்தாள். நன்றாகத்தான் வந்தன, பளபளவென்று மின்னின. டீ குடிக்க வந்தவர்கள் ஒருவர்கூடப் பக்கத்தில் உட்காரவில்லை. பாய் மெதுவாகக் கேட்டார்.

"எந்தூருக்குங்கய்யா கொண்டுபோறீங்க?"

"வேப்பனப்பள்ளிப் பக்கம். பெயர் வைக்கிற வீடு."

"பேரு வெக்கிற ஊட்டுக்கா? நல்லா ரோசன பண்ணிக்கங்க. இந்தப் பக்கம் முட்டையில செவப்பு பாத்தா சனங்க ஒதுங்கிப் போவாங்க."

காரணம் கேட்டிருக்கலாம். அக்கரைக்குப் போய் வந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்ற மிதப்பு. "சொன்னால் புரிந்துகொள்வார்கள், பாய்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வேப்பனப்பள்ளிக்குப் பன்னிரண்டு மைல், ஆறு அணா. பஸ்ஸில் மூன்று பாஷை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் பெண்சாதியிடம் தெலுங்கில் சண்டை போட்டு, கண்டக்டரிடம் தமிழில் நியாயம் கேட்டு, கன்னடத்தில் யாரையோ திட்டினார். வழி நெடுக மாந்தோப்பு, பிஞ்சு விட்டிருந்தது. இறங்கி இரண்டு மைல் நடை. பன்னிரண்டு மணிக்கு முனியப்பன் வீட்டுப் பந்தலை அடைந்தேன்.

"டிரஸ்ஸரய்யா!" என்று ஓடிவந்து முனியப்பன் காலில் விழப்போனான். தூக்கி நிறுத்தினேன். அவன் பெண்சாதி போன வருஷம் காலமாகிவிட்டாள். லட்சுமி உள்ளே இருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பத்து வயசில் கப்பலேற்றி விட்ட பெண். முகம் அச்சாக ஆ லான். கொசுவம் வைத்துக் கட்டிய புடவை, நெற்றியில் காசளவு குங்குமம். மாமியாரிடம் தெலுங்கு, அப்பாவிடமும் என்னிடமும் தமிழ். "மாமா, மொதல்ல சாப்புடுங்க, பொறவு பேசலாம்" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று. நாம் செய்த காரியம் வீண்போகவில்லை என்று கொஞ்சம் பெருமையும்தான்.

பெருமையோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். பந்தலின் நடுவில், எல்லோரும் பார்க்க, கூடையின் மேல்துணியை விலக்கினேன்.

லட்சுமியின் மாமியார் கௌரம்மா இரண்டு கையையும் நீட்டி, "வத்து! வத்து!" என்று கத்தினார். வேண்டாம் என்பதற்குத் தெலுங்கு. பிறகு எனக்காகத் தமிழில், "இன்னாங்க இது? எதுக்கு இது?" என்றார்.

சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தவன் அல்லவா? சொன்னேன். "பயப்படாதீங்கம்மா. இதைக் குழந்தையின் தலையில் உருட்டி, அப்புறம் எல்லோரும் சாப்பிடுவது. இவளைப் பெற்றவள் கொடுத்தனுப்பினாள்."

நுணலும் தன் வாயால் கெடும். அந்த ஊரில் முட்டைக்குக் குங்குமம் தடவித் தலையைச் சுற்றுவது கழிப்புக்கு. பிள்ளையைப் பிடித்த தோஷமெல்லாம் முட்டையில் இறங்கிவிடும். அதை முச்சந்தியில் கொண்டுபோய் உடைப்பார்கள், தெரியாமல் மிதித்தவனுக்கு அது போய் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டதைப் பதின்மூன்று கொண்டுவந்து, பச்சைப்பிள்ளை தலையில் வைத்து, ஊரையே தின்னச் சொல்கிறேன்!

"பெத்தவ குடுத்து உட்டாளாம்!" என்றார் கௌரம்மா. லட்சுமி வளர்ப்புப் பெண் என்பது அவருக்கு முன்பே தெரியும். அவர் கெட்ட மனுஷி இல்லை. குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். "வேணாம்னு தள்ளி உட்டவ, இப்ப எதுக்கு முட்ட அனுப்பறா? பேரு சொல்லாம எந்தச் செய்வினையும் பலிக்காது. அந்த ஊர்ல இவளுக்கு ஒரு பேரு வெச்சிருப்பாங்க. அந்தப் பேரச் சொல்லித்தான் செஞ்சி அனுப்பியிருக்காங்க. அது இன்னா பேருன்னு தெரிஞ்சி கழிக்காம, புள்ளயும் தாயும் எங்கூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது."

முனியப்பன் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றான். நான் லட்சுமியைப் பார்த்தேன். தனியாக வைத்திருந்த ஒரு முட்டையை எடுத்து அவள் பக்கம் நீட்டினேன். என் வாக்கில் பாதியாவது நிறைவேறட்டும் என்ற நப்பாசை. அவள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்.

"கிட்ட வராதீங்க மாமா. உங்க காலத் தொட்டுக் கும்புடறேன், அத எடுத்துக்கினு போய்டுங்க."

முட்டைகளை வேப்பிலைத் தண்ணீர் தெளித்து, முறத்தில் வைத்து, ஊர் எல்லைக்குக் கொண்டுபோனார்கள். நானும் கூடப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. உடைத்தபோது உள்ளே எப்போதும் போல வெள்ளையும் மஞ்சளுமாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்க்காமல் வரச் சொன்னார்கள். வந்தேன்.

பிற்பகல் மூன்று மணி. தொட்டில் வெறுமனே தொங்கியது. சம்பந்தி வீட்டார் வண்டியில் மாட்டைப் பூட்டாமல், பூட்டப்போவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்கள். லட்சுமி என்னை உள்ளே கூப்பிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு எம்புள்ள வேணும், எங்கூடு வேணும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவங்க எனக்கு இன்னா பேரு வெச்சாங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஆயிரக்கணக்கான மைல் வந்தேன். நாக்கு நுனியில் இருந்தது. அவள் கண்ணைப் பார்த்தேன். அதில் இருந்தது ஆசை இல்லை, பயம்.

"பேரே வைக்கவில்லை அம்மா" என்றேன். "அவர்கள் வழக்கப்படி முப்பதாம் நாள்தான் பெயர். உன்னை நான் தூக்கிவந்தது இருபத்திரண்டாம் நாள்."

"நெசமாவா?"

"நிஜம்."

அவள் முகம் அப்படியே தெளிந்தது. அந்தத் தெளிவை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அப்ப எனக்கு லட்சுமி ஒண்ணுதான் பேரு!" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வாசலுக்கு ஓடினாள். பெயரே இல்லாதவளுக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று கௌரம்மாவுக்கும் விளங்கிற்று. என்னைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திக் கேட்டார். கற்பூரத்தின்மேல் கையை வைத்து, இல்லை என்று சொன்னேன். நாலு மணிக்குப் பிள்ளையைத் தொட்டிலில் போட்டார்கள். கௌரம்மாதான் முதலில் அதன் காதில் பெயரைச் சொன்னார். சொல்லும்போது அவரும் அழுதார்.

வண்டி ஏறும்போது லட்சுமி என்னிடம், "அவங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். "இனிமே எதுவும் குடுத்து உட வேணாம்னு சொல்லுங்க மாமா."

மறுநாள் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், முப்பத்திரண்டு மைல், ஒரு ரூபாய். அங்கிருந்து பெங்களூர் போவதாகத் திட்டம். ஓசூரில் காற்று ஜில்லென்று வேறு ஊர்க் காற்றாக இருந்தது. டீக்கடையில், இந்தத் தாலுகா மைசூரோடு சேருமா சென்னையோடே இருக்குமா என்று காரசாரமான வாதம். இரண்டு கட்சியும் கன்னடத்திலேயே பேசின. பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்து, "நீங்க எந்தப் பக்கம்?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தபாலாபீஸில் விமானக் கடிதத்தாள் வாங்கி, ஈப்போவுக்கு இரண்டு வரி எழுதினேன், கிழித்தேன். ஆ லானுக்கு எழுத்துத் தெரியாது. யாராவது படித்துத்தான் காட்ட வேண்டும். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ஆனி மாதம் தோட்டத்துக்குத் திரும்பினேன். வந்து மூன்றாம் நாள் ஆ லான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். மணலில் நின்று நின்று வெளுத்துப்போன கால்கள். முட்டை சாப்பிட்டாளா என்று கேட்டாள். சாப்பிட்டாள் என்றேன். பெயரைச் சொன்னீர்களா? சொன்னேன். திருப்பிச் சொன்னாளா? சொன்னாள். கற்பூரத்தின்மேல் ஒரு பொய் சொன்னவனுக்கு மற்றவை கஷ்டமாக இல்லை.

"எப்படிச் சொன்னாள்? அவள் சொன்ன மாதிரியே சொல்லுங்கள்" என்றாள்.

லட்சுமியின் குரலை நினைத்துக்கொண்டு, "ஸாவ் யிங்" என்றேன். ஆ லான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. தப்பாம். முதலில் குரல் ஏற வேண்டுமாம், பிறகு இறங்கக் கூடாதாம். அடுத்த லீவில் போகும்போது சரியாகச் சொல்லிக்கொடுங்கள் என்று, என்னை உட்காரவைத்து, அந்தப் பெயர் என் வாயில் சரியாக வரும்வரை அவள் விடவில்லை.