பொண்ணு பாக்க வந்த டூர்

பள்ளிக்கூடத்துல ஒன்னா படிச்ச பன்னெண்டு பேர் சேர்ந்து ஒரு நாள் பாண்டிச்சேரியச் சுத்திப் பாக்கறதுன்னு வாட்ஸ்அப்புல முடிவாச்சு. வாரம் பூரா கும்பிடற கையும் பூங்கொத்துமா வந்து விழுந்துச்சு. கடைசியில ஒரே ராத்திரியில ஒம்போது பேருக்குக் காய்ச்சலும் கால்வலியும் விருந்தாளியும் வந்துடுச்சு. மிச்சம் மூணே பேர். பிரான்சுல இருந்து லீவுக்கு வந்திருந்தவ ஒருத்தி, விழுப்புரத்துல வாக்கப்பட்டவ ஒருத்தி, மூலக்குளத்துல குடியிருக்கிற நான்.

ஒம்போது பேர் வரலன்னா தள்ளிப் போடறதுதானே மொறை? "நாம மூணு பேராச்சும் போவோம்டி. உன் பொண்ணையும் கூட்டிக்கினு வா, போட்டோ எடுக்க ஆள் வேணும்"னு பிரான்ஸ்காரி போன் பண்ணா. எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. நான் கோரிமேட்டுப் பக்கம் ஒரு லேப்ல, ரத்தம் குடுக்க வர்றவங்களுக்கு டோக்கன் குடுக்குற எடத்துல பதினாலு வருஷமா உக்காந்திருக்கேன். ஆளு வாசல்ல செருப்பக் கழட்டறப்பவே சொல்லிடுவேன், வரிசையில நிப்பானா, நடுவுல பூந்து போவானான்னு. சோழியன் குடுமி சும்மா ஆடாது.

விஷயம் இதான். என் பொண்ணுக்கு இருவத்தெட்டு முடிஞ்சுடுச்சு. சேதராப்பட்டுல ஒரு கம்பெனியில வேலை. பிரான்ஸ்காரியோட அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து ரிட்டயராகி இங்க வந்து தங்கிட்டவரு. எங்க ஊர்ல அந்த மாதிரி குடும்பத்த சொல்தா வூடும்பாங்க. அவருக்கு ஒரு பையன், அங்கேயே வேலையில இருக்கான்னு கேள்விப்பட்டிருந்தேன். கோயில்லயோ கடையிலயோ தற்செயலா பாக்கற மாதிரி வந்து பொண்ணப் பாத்துட்டுப் போறது நம்ம ஆளுங்களுக்குப் புதுசா? இது டூர் இல்ல, என் பொண்ண பிளேன் ஏத்தற வேலைன்னு முடிவு பண்ணிட்டேன். வூட்டுக்காரரு போயி ஒம்போது வருஷம் ஆச்சு. எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்தி. அவளும் கண்காணாத தேசத்துக்குப் போயிட்டா நான் சுவத்தோடதான் பேசணும். எவன் வந்து கேட்டாலும் தர மாட்டேன்னு நெனச்சுக்கினேன்.

அவ மேலயும் எனக்குச் சந்தேகம். பண்டிகைக்கு மறுநாள் கூட லீவு போடாதவ, கேட்ட ஒடனே போட்டுட்டா. காலையில பீரோவத் தொறந்து மாம்பழக் கலர் பொடவைய எடுத்து நீட்டுறா. "இதக் கட்டும்மா. கொஞ்சம் பூ வெச்சுக்கோ." அவரு போனதுக்கப்புறம் நான் பூ வெக்கிறதில்ல. "வெய்யில்ல சுத்தப் போறதுக்கு இன்னாத்துக்குடி பூவு?"ன்னேன். "சும்மாதாம்மா"ன்னு அவளே என் தலையில வெச்சு வுட்டுட்டு, ஒரு வெளுத்துப் போன சுடிதாரப் போட்டுக்கினா. பொண்ணோட அம்மா லட்சணமா இருக்கணும்னு பாக்கறா, அப்ப இவளும் கூட்டுதான்.

ஆட்டோவுல போயி பெரிய வாய்க்காலத் தாண்டி, வெள்ளக்காரன் கட்டின தெருவுங்க பக்கம் எறங்கினோம். அம்பது வருஷமா இந்த ஊர்க்காரி நான். இந்தத் தெருவுங்கள ஒரு நாளும் வாயப் பொளந்துக்கினு பாத்ததில்ல. மஞ்சச் சுவரு ஒன்னுக்கு முன்னாடி போட்டோ எடுக்க நாலு கூட்டம் காத்துக்கினு இருந்துச்சு. ஒரு வூட்டுக்காரரு ஸ்கூட்டர வெளிய எடுக்க முடியாம, யாரோ ஒரு பொண்ணு தொப்பியச் சரி பண்ணி முடிக்கட்டும்னு கேட்டுல நிக்கிறாரு பாவம். பிரான்ஸ்காரி ஒவ்வொரு வூட்டையும் காட்டி யாரு இருந்தாங்க, யாரு வித்தாங்கன்னு சொல்லிக்கினே வந்தா. விழுப்புரத்துக்காரிக்குப் புதுச் செருப்பு கடிச்சுடுச்சு. கையில தூக்கிக்கினு வெறுங்காலோட நடந்தா.

போட்டோ எடுக்கறப்பல்லாம் நான் உஷாரா இருந்தேன். பிரான்ஸ்காரி போன எடுத்தா போதும், பொண்ணுக்குக் குறுக்கப் போயி நிப்பேன். அவ படம் அந்தப் பையன் கைக்குப் போவக் கூடாதில்ல! ஆனா அவளுங்க ஒன்னும் சொல்லல. "அப்படியே நில்லு, சிரி, கொஞ்சம் திரும்பு"ன்னு என்னையே எடுத்தாளுங்க. எங்கிட்டயேவா இந்த நடிப்புன்னு நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கினேன்.

மத்தியானம் நடுவுல முற்றம் வெச்ச ஒரு பழைய வூட்டு ஓட்டல்ல உக்காந்தோம். தண்ணி கூட வரல, வாசல்ல பிரான்ஸ்காரியோட அண்ணன். "அட, நீ எங்க இங்க?"ன்னு அவ கேட்டா பாருங்க, பள்ளிக்கூட நாடகத்துலயே அவளுக்கு மரம் வேஷம்தான் குடுப்பாங்க. வெள்ளச் சட்ட, படிய வாரின நரச்ச முடி. எனக்கு எதிர் நாற்காலி மட்டும் காலியா இருந்துச்சு, அதுல உக்காந்தாரு.

"வாங்கண்ணே"ன்னேன். மேசைக்கு அடியில என் கால்ல ஒரு மிதி. "நல்லா இருக்கீங்களாண்ணே?" இன்னொரு மிதி. "அண்ணே கிண்ணேன்னு எதுக்குடி இப்ப?"ன்னு விழுப்புரத்துக்காரி காதோரமா சீறினா. கூடப் படிச்சவளோட அண்ணன வேற எப்படிக் கூப்பிடறது?

அவரு மெதுவா கேக்க ஆரம்பிச்சாரு. சர்க்கரை இருக்கான்னாரு. மீன் கொழம்புக்கு மாங்கா போடுவீங்களான்னாரு. அப்புறம், "தனியா இருக்கறது பழகிடுச்சா?"ன்னாரு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்! எனக்கு வந்துச்சே கோவம்.

"இதப் பாருங்க. உங்க பையனுக்கு என் பொண்ணக் கேக்கறதா இருந்தா நேரா கேளுங்க. சுத்தி வளைக்காதீங்க. நான் தர மாட்டேன்"னு சொல்லிட்டேன். பக்கத்து மேசைக்காரங்க திரும்பிப் பாத்தாங்க.

அவரு முழிச்சாரு. "என் பையனுக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ளைங்க இருக்கே"ன்னாரு.

விழுப்புரத்துக்காரிதான் தாங்க முடியாம தலையில அடிச்சுக்கினா. "ஐயே, உன் பொண்ண யாருடி பாக்க வந்தா? அவரு பொண்டாட்டி போயி நாலு வருஷமாச்சு. பொண்ணு பாக்க வந்தது உன்னைடி!"

எழுந்து வெளிய வந்துட்டேன். நேரா கடற்கரை ரோடு. அம்பத்திரண்டு வயசுல பூ வெச்சு, பொடவ கட்டி, ஊரு பாக்க என்னக் கொண்டாந்து உக்கார வெச்சிருக்காங்க. பொண்ணு பின்னாடியே ஓடி வந்தா.

"யாருடி பண்ணது இத?"

"நான்தான். அத்தைங்க கிட்ட கேட்டது நான்தான்"னா. என் சிநேகிதிங்கள அவ அத்தைன்னுதான் கூப்பிடுவா.

"உனக்கு வெக்கமா இல்ல?"

"இல்லம்மா. உன்னத் தனியா வுட்டுட்டு எப்படிப் போறதுன்னுதான் வெளியூரு மாப்பிள்ள எல்லாத்தையும் வேணாம்னேன். இன்னும் எத்தன வருஷம் அப்படியே சொல்றது?"

"புடிக்கலன்னுதானே சொன்ன?"

"திருச்சிக்காரரப் புடிச்சிருந்துச்சும்மா."

ரெண்டு வருஷம் முன்னாடி வந்த பையன். காபி குடிக்கறப்ப கண்ண நேரா பாக்காம தேச்சுக்கினே இருந்தான். பார்வ சரியில்ல, எதையோ மறைக்கிறான்னு தட்டிக் கழிச்சது நான்.

"பஸ்ல வர்றப்ப கண்ணுல தூசி விழுந்துடுச்சாம்"னா. "இப்ப அவருக்குப் பொண்ணு பொறந்திருக்கு. போட்டோ பாத்தேன்."

கோவமா சொல்லியிருந்தா நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவ சாதாரணமா சொன்னா. எவனோ வந்து என் பொண்ணத் தூக்கிக்கினு போயிடுவான்னு ஊரையே சந்தேகப்பட்டேன். அவளப் புடிச்சு வெச்சுக்கினு இருந்தது நான்தான். அந்த வெய்யில்ல அப்படியே கல்லு மேல உக்காந்துட்டேன்.

கொஞ்ச நேரம் பொறுத்து அவளத் தண்ணி வாங்கியார அனுப்பிட்டு, எங்க பின்னாடியே வந்து எதிர் நடைபாதையில நின்னுக்கினு இருந்த பிரான்ஸ்காரியோட அண்ணன் கிட்ட போனேன்.

"எனக்கு மறுபடி கல்யாணத்துல ஆசை இல்லைங்க. ஆனா யோசிக்கிறேன்னு அவ கிட்ட சொல்லப் போறேன். நீங்களும் ஆமான்னு சொல்லணும்."

"எவ்ளோ நாளைக்கு?"

"அவளுக்கு ஒரு எடம் அமையற வரைக்கும்."

"எனக்குப் பொய் வராதுங்க. ஒன்னு பண்றேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து ஒரு காபி குடிச்சுட்டுப் போறேன். அவ கேட்டா, போனேன், காபி குடிச்சேன்னு சொல்லுவேன்."

இந்த ஆளுக்கு இதுல இன்னா லாபம்னு அப்பவும் எனக்குள்ள ஒன்னு கேட்டுச்சு. ஆனா சொன்னபடி வந்தாரு. ஒரு வாரம் கூட தப்பல. பொண்ணு அவருக்குக் காபி போட்டுக் குடுத்துட்டு சமையக்கட்டுல இருந்து எட்டி எட்டிப் பாப்பா. நாங்க விலைவாசியும் முட்டிவலியும் பேசுவோம்.

அடுத்த தை மாசம் கோயமுத்தூர்ப் பையனோட அவளுக்குக் கல்யாணம் நடந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல வழியனுப்பறப்ப ஜன்னல் வழியா என்னையும் அவரையும் மாறி மாறிப் பாத்தா. அழுவறதுக்கு வாய் கோணுது அவளுக்கு. நான் ரெண்டு அடி தள்ளிப் போயி அவரு பக்கத்துல நின்னேன். அவ மூஞ்சி தெளிஞ்சுடுச்சு. பஸ் திரும்பி மறையற வரைக்கும் சிரிச்சுக்கினே கையாட்டினேன். அப்புறம்தான் அழுதேன், நாலு பேர் பாக்கறாங்கன்னு கூட நெனக்காம.

அழுது முடிச்சுட்டு, "வேல முடிஞ்சுதுங்க. இனிமே நீங்க கஷ்டப்பட்டு வர வேணாம்"னேன். அவரு போயி ஒரு டீ வாங்கியாந்து என் கையில குடுத்தாரு. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னாரு.

"ஞாயித்துக்கெழம வூட்ல இருப்பீங்களா?"ன்னாரு.

"வேற எங்க போவப் போறேன்?"னேன்.