முதுகைக் காட்டி உட்காரும் சித்தி

உலகத்து விஞ்ஞானிகள் அத்தனை பேரும் வரிசையில் நின்று பாடம் கேட்க வேண்டிய ஆள் என் சித்தி. முன்பு குடிநீர்ச் சோதனைக் கூடத்தில் இருந்தாள். இப்போது முதியவர்களைப் பற்றிய ஒரு கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போய், கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பி வாங்குகிறாள்.

“தண்ணி யார் பாத்தாலும் தண்ணிதான்டா. மனுஷங்க, நாம பாக்குறோம்னு தெரிஞ்சாலே மாறிடுவாங்க” என்பாள். அதனால் எழுதுகிறவர்களுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள்.

வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் வருவதற்குள் நான் சாப்பிட்டு முடித்திருப்பேன்.

ஒருநாள் விளையாட்டாக, எழுபத்திரண்டு வயதுக் கிழவரைப் போல ஒரு தாளை நிரப்பி அவளுடைய கேள்வித்தாள் கட்டுக்குள் செருகினேன். ‘கடைசியாக யாரோடு சேர்ந்து சாப்பிட்டீர்கள்?’ என்ற கேள்விக்கு ‘ஞாபகமில்லை’ என்று எழுதினேன்.

மறுநாள்தான் தெரிந்தது, ஒரு போலித்தாள் பிடிபட்டாலும் அவளுக்கு வேலை போய்விடுமாம். ஓடிப்போய்க் கட்டைப் பிரித்தேன். என் தாளைக் காணோம்.

“இதையா தேடுறீங்க, பெரியவரே?”

பின்னால் சித்தி நின்றாள், கையில் அந்தத் தாளோடு. அவள் திட்டவில்லை. இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.

“நீயும் என் முதுகுக்குப் பின்னாடிதானே எழுதின? இதுல வயசு மட்டும்தான்டா பொய். வா, உக்காரு.”