சிவப்பு அம்பு

தையல் ஆலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தைத்து முடிந்த சட்டைகளைச் சோதிப்பது வேலை. பொத்தான் ஆடினாலும் நூல் பிரிந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். ஸ்டிக்கர் சுருள் இல்லாமல் அவள் பை கடைக்குக்கூடப் போகாது.

மகளுக்கு ஒன்றரை வயது. விடுப்பை நீட்டி நீட்டி, இனி நீட்ட இடமில்லை. திங்கட்கிழமை போகாவிட்டால் மேசை வேறொருத்திக்கு. காப்பகமோ இன்னும் அமையவில்லை.

"ஏதோ ஒண்ணுல சேர்த்துவிடு," என்றான் லாரி ஓட்டும் கணவன், போனில்.

"ஏதோ ஒண்ணா? லாரிக்கு டயர் வாங்கறப்ப ஏதோ ஒண்ணு வாங்குவீங்களா?"

முதல் இடத்தில் நாள் முழுக்க டிவி. இரண்டாவதில் உள்ளேயே விடவில்லை. மூன்றாவதில் பன்னிரண்டு குழந்தைகள் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. அப்படியே திரும்பி வந்துவிட்டாள். சோறு இறங்கவில்லை, தூக்கமும் போயிற்று.

வெள்ளிக்கிழமை நான்காவது இடம். சின்ன வீடு, ஒரே இரைச்சல். நடத்துகிற அக்காவின் இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. பூதக்கண்ணாடி அறை அறையாகச் சுற்றினாள். வாசலுக்கு வந்து செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது. மேசை முனை, கதவுத் தாழ்ப்பாள், ஆடுகிற நாற்காலி, ஜன்னல் கம்பி என்று மொத்தம் ஏழு அம்புகளை ஒட்டிவிட்டு வந்திருக்கிறாள்!

"ஐயோ, மன்னிச்சுக்கங்க அக்கா! பழக்கதோஷம். பிச்சு எடுத்துடறேன்."

"இருக்கட்டும், எடுக்காதே," என்றாள் அக்கா. முகத்தில் சிரிப்பில்லை.

இரண்டு நாளும் தன்னையே திட்டிக்கொண்டாள். உருப்படியாக ஒரு இடம் கிடைத்தது, அதையும் கெடுத்தாயிற்று. கை சும்மா இருந்தால்தானே!

திங்கள் காலை வேறு போக்கிடமில்லாமல் அங்கேயே போய் நின்றாள். அம்புகள் அப்படியே இருந்தன. ஆனால் மேசை முனையில் கெட்டித் துணி வைத்துக் கட்டியிருந்தது. தாழ்ப்பாள் மேலே ஏறியிருந்தது. நாற்காலியின் காலில் புது ஆணி.

"ஏழுல ஆறு முடிஞ்சுது. ஜன்னலுக்கு நாளைக்கு ஆள் வரான், அதுவரைக்கும் அந்த ரூமைப் பூட்டிட்டேன்," என்றாள் அக்கா. "நீயே பார்த்துட்டு அம்பைப் பிச்செடு."

ஆட்டிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, ஆறையும் பிய்த்தாள். ஒன்றை மகள் பிடுங்கிக்கொண்டாள். அதோடேயே அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு அழுது ஊரைக் கூட்டினாள். அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டாள். "அஞ்சரை மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் பூதக்கண்ணாடி திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

ஆலையில் பக்கத்து மேசைக்காரி அவள் தோளைத் தட்டினாள்.

"என்னடி இது, உன் மேலயே அம்பு? என்ன குறையாம்?"

தொட்டுப் பார்த்தாள். மகள் முகம் புதைத்து அழுத இடம், ஈரம் இன்னும் காயவில்லை. மேசைக்காரி பிய்க்கப் போனாள்.

"இருக்கட்டும், எடுக்காதே," என்றாள். "அது அஞ்சரை மணிக்குத்தான் சரியாகும்."