எம்புட்டு அலுப்பு? அஞ்சுல ஒண்ணச் சொல்லுங்க

அடுத்தவுக அலுப்ப அளக்குறதும் ஒரு பொழப்புதேன். தராசு கெடையாது, படிக்கல்லு கெடையாது, நாலு பக்கத் தாளு மட்டுந்தேன். வீட்ல மறதி நோய்க்காரவுகள வச்சு மல்லுக்கட்டுற மக்கா, உங்களுக்குத்தேன் சொல்றேன், செத்த கேளுங்க.

நான் திண்டுக்கல்லுல ஆட்டோ ஓட்டுறவன். படிப்பு அஞ்சாப்போட சரி. ரெண்டாயிரத்துக்குப் பெறகு ஒரு வருசம், மெட்ராஸ்ல இருந்து ஒரு மேடம் வந்தாக. மறதி வந்தவுகளப் பாத்துக்கிற வீட்டாளுக எம்புட்டுத் தாங்குறாக, எம்புட்டு நொந்துபோறாகன்னு வீடு வீடாக் கேட்டு எழுதணும், அதுதேன் அவுக படிப்பு. அவுக பொஸ்தகத் தமிழ் சனத்துக்கு வெளங்கல. அதனால வண்டி ஓட்டுறதும் நான், தமிழ்ல இருந்து தமிழுக்கு மாத்திச் சொல்றதும் நான். ஒவ்வொரு கேள்விக்கும் அஞ்சு பதிலு: இல்லவே இல்ல, எப்பவாவது, அப்பப்ப, அடிக்கடி, எப்பவுமே.

என் வீட்லயும் அந்தச் சீக்கு இருந்துச்சு, எங்கய்யாவுக்கு, ஏழு வருசமா. அந்தச் சமயம் பாத்து எம்பொண்டாட்டி சரசு, வடமதுரையில அவ அண்ணன் மக கல்யாணத்துக்கு ரெண்டு நாள் போயிட்டு வாரேன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. "அய்யாவ யாரு பாக்குறது?"ன்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்.

நாத்தனா எந்திரிக்கல

நாகல்நகர்ல ஜெசிந்தான்னு ஒரு மருமக, மாமியாரப் பாத்துக்கிறாக. பக்கத்துலயே நாத்தனா சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. "ஒடம்பு அசதியா இருக்காம்மா?" "இல்லவே இல்ல." "கோவம் வருதா?" "இல்லவே இல்ல." மேடம் முப்பத்தஞ்சு கட்டத்துலயும் சைபரப் போட்டுட்டு, என்ன குடும்பம்டான்னு அசந்துபோயிட்டாக.

வண்டிய எடுக்குறேன், ஜெசிந்தா சொம்புத் தண்ணியோட ஓடிவந்துச்சு. மேடத்துக்குக் குடுக்குற மாதிரி குனிஞ்சு, என் காதுல சொல்லுச்சு: "அண்ணே, நான் இல்லன்ன எடத்துலயெல்லாம் எப்பவுமேன்னு போட்டுக்கங்க. அது எந்திரிச்சுப் போகட்டும்னுதேன் பாத்தேன், போறாப்புல தெரியல."

ஒரே கேள்வி

சின்னாளப்பட்டியில ஒரு பெரியவர், தறி நெய்றவர். மறதி அவரு சம்சாரத்துக்கு. அந்தம்மா செத்த நேரத்துக்கு ஒருக்கா "மணி என்ன?"ங்கும். இவரு தறிய நிப்பாட்டாம "பத்து"ங்குறாரு. சாயங்காலம் நாலு ஆகிப்போச்சு, அப்பவும் பத்துதேன்.

மேடம் இருவதாவது கேள்வி கேட்டாக: "அவர் திரும்பத் திரும்பக் கேட்பது உங்களுக்கு எரிச்சலூட்டுகிறதா?" நான் மாத்திச் சொல்லி முடிக்கல, பெரியவர் தறிய நிப்பாட்டிட்டாரு. "அவளாவது ஒரே கேள்வியக் கேக்குறா, தாயி."

கல்யாணக் கேள்வி

தாள்ல ஒண்ணு இருந்துச்சு: "சமூக நிகழ்வுகளில் பங்கேற்பு குறைந்துள்ளதா?" இத எப்புடி மாத்துறது? நான் பாட்டுக்கு, "கடைசியா எந்தக் கல்யாணத்துக்குப் போனீக?"ன்னேன். அதுல இருந்து ஒரு பய பொய் சொல்லல. நம்ம ஊர்ல கல்யாணத்துக்குப் போகாதவன் ஒண்ணு செத்திருக்கணும், இல்ல வீட்ல மாட்டியிருக்கணும்.

ஆத்தாவப் பாத்துக்கிற ஒரு வெங்காய யாவாரி வெரல் விட்டு எண்ணிப்பாத்துட்டுச் சொன்னாரு: "அந்தக் கல்யாணப் பொண்ணோட ரெண்டாவது புள்ளையே இப்பப் பள்ளிக்கூடம் போகுதுங்களே."

நாந்தேன் பாத்துக்கிறேன்

கடைசியா ஒரு தாளு மிஞ்சுச்சு. "எங்க வீட்டுக்கு வாங்க மேடம், எங்கய்யாவ நாந்தேன் பாத்துக்கிறேன்"னு நெஞ்ச நிமித்திக் கூட்டிட்டுப் போனேன். "காலையில் என்ன மாத்திரை?"ன்னாக. "ஏ சரசு, அது வெள்ளையா மஞ்சளா?" "குளிக்க வைப்பது எப்போது?" "ஏ சரசு..." மேடம் நாற்காலிய அடுப்படிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டாக. என் கல்யாணக் கேள்விய என் பொண்டாட்டிகிட்டயே கேட்டாக. அவ என்னயப் பாத்தா.

எங்கய்யாவும் என்னயப் பாத்தாரு, பாத்துட்டு அவகிட்ட கேட்டாரு: "யாரு தாயி இவன்? சோத்து நேரம் பாத்துக் கரெக்டா வந்துர்றான்."

ரெண்டு நாளு

அந்த வாரமே சரசு வடமதுரைக் கல்யாணத்துக்குப் பையத் தூக்கிட்டா. அய்யாவுக்கு நாந்தேன் காவலு. மொத நாளு, அய்யா சோத்தத் தொட மாட்டேன்னுட்டாரு. கதவுக்குப் பின்னால நின்னு அவ கொரல்ல "மாமா, சாப்புடுங்க"ன்னேன். "தொண்ட கட்டியிருக்கு தாயி, மொளகு ரசம் வையி"ன்னாரு. மூணு தடவ தெருவத் தாண்டிட்டாரு. ரெண்டாம் நாளு, விட்டாப் போயிருவாருன்னு ஆட்டோவுலயே உக்கார வச்சுச் சவாரி போனேன். ஏறுறவுகளையெல்லாம் "எறங்கு, இது எங்க வீட்டு வண்டி"ன்னு எறக்கி விட்டுட்டாரு.

பொழுதுசாயச் சரசு வந்தா. அய்யா குளிச்சு முழுகி உக்காந்திருந்தாரு. நான்தேன் குளிக்கல, சவரம் பண்ணல, சட்டையத் திருப்பிப் போட்டிருந்தேன். என்னய மேலயும் கீழயும் பாத்துட்டு, கொண்டாந்த லட்ட எங்கைல வச்சா: "ஏழு வருசமா நாந்தேன் பாத்துக்கிறேன்னு ஊரெல்லாம் சொன்னீகளே, வேலைக்குச் சேந்த மொத நாளு மாதிரியில்ல இருக்கீக."

மேடத்தோட தாள்ல எம்பேரு 'வீட்டில் உள்ள மற்றவர்கள்'ங்குற கட்டத்துலதேன் இன்னைக்கும் கெடக்கு, மாத்தச் சொல்லி நானும் கேக்கல.