சூட்டைப் பார்த்துக்கொண்டே கேளம்பாக்கம் வரை

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலையிலிருந்து கிளம்பினோம். வண்டியில் மூன்று பேர். ஓட்டியது என் மகள் தேவகி. பின் சீட்டில் வண்டிக்குச் சொந்தக்காரர் காதர் பாய். முன் சீட்டில் நான். பின்னால் உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வரும், அதற்காகத்தான் முன்னால். மற்றபடி எங்கே போனாலும் கடைசியில் போய் உட்காருகிறவள் நான்.

தேவகி நான்கு வருஷமாக அடுத்தவர் காரை ஓட்டுகிறாள். சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டு, கூட்டி வருகிற வேலை. இப்போது சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. பழைய கார் ஒன்று சொந்தமாக அமைந்துவிட்டால் ஓடுகிற காசு அவளுடையது. பாயின் வெள்ளைக் காரைப் பார்த்ததுமே அவளுக்கு மனம் ஒட்டிக்கொண்டது. வாங்குவதா, விடுவதா என்று ஓட்டிப் பார்க்கத்தான் இந்தப் பயணம். மேடவாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி, கேளம்பாக்கம், அங்கிருந்து வண்டலூர் வழியாகத் திரும்பவும் தாம்பரம். சுற்றி வந்தால் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ஐந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டாள்.

எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் சுகுமார், ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி மாதிரி ஒன்றைச் செருகிக் கொடுத்திருந்தார். இன்ஜினுக்குள் நடப்பதை அது உடனுக்குடன் தேவகியின் செல்போனுக்கு அனுப்பிவிடுமாம். திரையில் ஏகப்பட்ட வட்டங்கள். எனக்கு இரண்டைத்தான் காட்டினார். இடது பக்கம் மைலேஜ்: இந்த நிமிஷத்தில் ஓடுகிற ஓட்டத்துக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று. வலது பக்கம் இன்ஜின் சூடு. நான் ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்து தடுமாறும், எண் தடுமாறாது.

"யம்மா, ஓட்றவங்க போனைப் பாக்கக் கூடாது. நீ பாத்து சொல்லிகினே வா" என்றார் சுகுமார். "சூடு தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சுல நின்னா வண்டி ராஜா. நூறத் தாண்டி ஏறிகினே போச்சுன்னா பேஜாரு. ஆபீஸ் டைம்ல போங்க. டிராபிக்ல நின்னாதான் வண்டியோட குணம் தெரியும்."

தாம்பரம் மேம்பாலத்தில் ஏறும்போது மைலேஜ் ஏழு என்று காட்டியது. எனக்குப் பகீர் என்றது. உச்சிக்குப் போய்க் கிழக்குப் பக்கம் இறங்கும்போது தேவகி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். ஏழு எங்கேயோ போய்த் தொண்ணூற்றொன்பது வந்து நின்றது.

"தொண்ணூத்தொம்பது குடுக்குது தேவகி!" என்று என்னையும் மறந்து கத்திவிட்டேன்.

பின்னாலிருந்து பாய் சிரித்தார். "அவ்ளோ குடுத்தா நான் ஏம்மா விக்கப்போறேன்? வண்டியை வெச்சுகினு ஊரைச் சுத்திகினு இருப்பேனே."

"எறக்கத்துல பெட்ரோலே குடிக்காதும்மா, அதான்" என்றாள் தேவகி. எனக்கு வெட்கமாகிவிட்டது. அதற்கப்புறம் மெதுவாகத்தான் சொன்னேன். அவள் "கேக்கல, கேக்கல" என்றபடியே ஓட்டினாள்.

வேங்கைவாசல் தாண்டி மேடவாக்கம் வருவதற்குள் அந்த எண்ணின் போக்கு கொஞ்சம் பிடிபட்டது. தேவகி ஆத்திரப்பட்டு மிதித்தால் எட்டுக்கு இறங்குகிறது. நிதானமாகப் போனால் பதினாறு, பதினேழு. சிக்னலில் நின்றால் பூஜ்யம். ஓடாமல் நிற்கிறது, ஆனாலும் குடிக்கிறது, அதனால் பூஜ்யம். மேடவாக்கம் கூட்டு ரோட்டில் எங்களைச் சுற்றி நின்ற நூறு வண்டியும் அப்போது பூஜ்யம்தானே என்று நினைத்துப் பார்த்தேன். சூடு தொண்ணூற்றிரண்டு.

ஒன்பது மணிக்குச் சோழிங்கநல்லூர். சிக்னலுக்கு முன்பாக ஓரத்தில் நிறுத்தச் சொல்லி பாய் டீ வாங்கினார். ஒரு டீ பதினைந்து ரூபாய். இறங்க வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, அவரே நொண்டிக்கொண்டு கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். சர்க்கரை வியாதியில் இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்களாம். "கிளட்ச் மிதிச்சா உயிர் போவுதும்மா. ஆறு மாசமா வண்டி வூட்டாண்ட நின்னுகினே கீது. பாக்கப் பாக்க மனசு கேக்கல. ஓட்டத் தெரிஞ்ச கைக்குப் போவட்டும்னுதான்" என்றார்.

பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ வேலை நடக்கிறது. நடுவில் தகரம் அடைத்து, இருக்கிற இடத்தில் பஸ்ஸும் காரும் இடித்துக்கொண்டு நகர்கின்றன. நாவலூர் நெருங்கும்போது அடியோடு நின்றுவிட்டோம். மைலேஜ் பூஜ்யம். சூடு தொண்ணூற்றெட்டு.

சொல்ல வாய் எடுத்தேன். கையில் பாய் வாங்கிக் கொடுத்த டீயின் காகிதக் கப் அப்படியே இருந்தது. ஒருவர் பொருளை அவர் எதிரிலேயே குறை சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பெண் பார்க்கப் போனாலும் மாடு பிடிக்கப் போனாலும் வீட்டுக்கு வந்துதான் பேசுவோம். நூற்றொன்று ஆனது.

"என்னாம்மா கீது?" என்றாள் தேவகி.

"பூஜ்யம்" என்றேன். அது மைலேஜ். பொய் இல்லை.

வண்டி பத்தடி நகர்ந்தது. "இப்போ?"

"ஆறு."

வலது பக்கம் நூற்று நான்கு. நகர்ந்தால் குறையும், குறைந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நகரவில்லை. நூற்று ஏழு. வட்டம் சிவப்பாகிவிட்டது. போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

பின்னாலிருந்து பாயின் குரல் வந்தது. "தேவகிம்மா, ஓரங்கட்டு. இன்ஜினை ஆஃப் பண்ணு. கொதிக்குது வண்டி."

என் தோளுக்கு மேலே எட்டி அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தாள். ஆவி அடித்தது. ஃபேன் ஓடவில்லை. பாய் தண்ணீர் வாங்கக் கடைப்பக்கம் போனதும் என்னிடம் வந்தாள்.

"எப்பருந்தும்மா?"

"தொண்ணூத்தெட்டுலருந்து."

"அவுரு விக்கறவரு, மறைச்சாலும் ஒரு நாயம் கீது. அவுரே சொல்றாரு. என் பக்கத்துல உக்காந்துகினு நீ மறைக்கிறியே?"

மெட்ரோ தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அரை மணி நேரம் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றி, கூட்டம் குறைந்தபின் மெள்ள மெள்ள சிறுசேரியைத் தாண்டினோம். வழக்கமாக அவள் ஆட்களை இறக்குகிற வாசல்களைக் கை காட்டிக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன். காட்டவில்லை. கேளம்பாக்கத்தில் எலெக்ட்ரிகல் கடைக்காரர் ஐந்தே நிமிஷத்தில் சொன்னார், ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கிற ரிலே போய்விட்டது என்று. புதிது போட முந்நூற்றைம்பது ரூபாய். பாய்தான் கொடுத்தார். ஃபேன் சுற்றியதும் தேவகி முகத்தில் விளக்கு ஏற்றினாற்போல் இருந்தது. சுகுமாருக்குப் போன் போட்டாள். சத்தம் எனக்கும் கேட்டது.

"ரிலே மட்டும்னா சப்ப மேட்டர்க்கா. ஆனா ஒண்ணு. ஃபேன் ஓடியும் நூறத் தாண்டி ஏறுச்சுன்னா உள்ள வேலை கீதுன்னு அர்த்தம். இன்ஜினை எறக்கணும். உன் சீட்டுப் பணம் மொத்தம் அதுலயே பூடும்."

பதினொன்றரை மணிக்குக் கேளம்பாக்கத்தை விட்டோம். வண்டலூர் பதினெட்டு கிலோமீட்டர். புதுப்பாக்கம் தாண்டியதும் சாலை காலியாகக் கிடந்தது. மைலேஜ் பத்தொன்பது, இருபது. சூடு தொண்ணூற்றொன்று. இரண்டையும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். மாம்பாக்கம் வரும்போது தேவகியே, "போதும்மா, தொண்டை வத்திப்பூடும்" என்றாள். கோபம் இறங்கியிருந்தது. பின் கண்ணாடியில் என்ன பெயர் எழுதலாம் என்று பாயிடம் கேட்டாள். "உன் பேரையே எழுதும்மா, வேற யாரு ஓட்டப்போறா?" என்றார். கண்டிகையில் ஒருவர் குறுக்கே வந்தும் அவள் திட்டவில்லை. தன் வண்டியை ஓட்டுகிறவளாகவே ஓட்டினாள்.

வண்டலூர் சந்திப்புக்கு அரை கிலோமீட்டர் முன்னால் மறுபடியும் நின்றோம். முன்னால் ஒரு காலேஜ் பஸ், பக்கத்தில் தண்ணீர் லாரி. தொண்ணூற்றேழு ஆனதும் ஃபேன் சத்தம் ஆரம்பித்தது.

"ஓடுது பாரு! கேக்குதா?" என்றாள் தேவகி.

கேட்டது. நல்ல சத்தம். தொண்ணூற்றொன்பது. நூற்றொன்று. ஃபேன் ஓடிக்கொண்டேதான் இருந்தது. நூற்று மூன்று.

இந்த முறை அவள் கேட்கவில்லை. பார்வை அந்தக் காலேஜ் பஸ்ஸின் முதுகிலேயே இருந்தது. பாயும் பேசவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போய்விடுவோம். காற்று பட்டு எல்லாம் இறங்கிவிடும். சாயங்காலம் அட்வான்ஸ் கொடுத்துவிடுவாள். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

"தேவகி, நூத்தி அஞ்சு" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "ஃபேன் ஓடிகினேதான் கீது. நிக்கல. ஏறுது." பிறகு தலையைத் திருப்பி, என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஓர் அந்நிய ஆம்பிளை முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "பாய், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வண்டி எங்களுக்கு வேணாம்."

"தப்பு இன்னாம்மா கீது?" என்றார். "வாங்கிகினு போய் நடுரோட்டுல நின்னா, தெனம் என்னையத்தான திட்டும் உம் பொண்ணு. எறக்கி வேலை பாத்துட்டு விக்கறேன். இல்லன்னா உள்ளதைச் சொல்லி விக்கறேன்."

தேவகி இன்ஜினை அணைத்தாள். பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

மறுபடியும் ஆறவிட்டு, பெருங்களத்தூர் வழியாகத் தாம்பரம் வந்து சேர மணி ஒன்றரை. வண்டியை பாய் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, செருகியிருந்த அந்தத் தீப்பெட்டியைச் சுகுமாரிடம் கொடுத்துவிட்டு, பாலத்துக்குக் கிழக்கே எங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். காலையில் போன அதே மேம்பாலத்தில் பஸ் முக்கிக்கொண்டு ஏறியது. இது என்ன மைலேஜ் கொடுக்குமோ, எத்தனை சூட்டில் ஓடுகிறதோ, உள்ளே இருக்கிற எழுபது பேரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் உட்கார்ந்திருப்பதும் ஒரு சுகம்தான் என்று அப்போது தோன்றியது.

"அந்த நூத்தஞ்சு எனக்கும் தெரிஞ்சுதும்மா" என்றாள் தேவகி, வெளியே பார்த்தபடியே. "ஓரக்கண்ணால பாத்துகினுதான் இருந்தேன். நீ சொல்லாம இருந்திருந்தா வாங்கியிருப்பேன்."

"என் மேல கோவமாடி?"

"ஆமா" என்றாள். பஸ் பாலத்தை விட்டு இறங்கும்போது, என் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்கால டியூட்டிக்கு வழக்கம்போல அடுத்தவர் காரில்தான் போனாள்.