றேமண்ட் சுற்றிவைத்த வயர்

2018ஆம் ஆண்டு வைகாசி மாதம், கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்றுத் தொடங்கியிருந்த நாள்களில், அன்னபாக்கியம் றேமண்டை முதன்முதலாகக் கண்டபோது, அவர் ஒரு மாமரத்தின் மேலே இருந்தார். வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கையொன்றின் அந்தத்தில், அன்னபாக்கியம் குடியிருக்கும் நான்கு மாடித் தொடர்மாடிக்குப் பின்னால் நிற்கும் மரம் அது. காற்றில் முறிந்த கொப்பொன்று தண்ணீர்க் குழாயின் மேல் தொங்கிக்கொண்டிருக்க, குடியிருப்பாளர்கள் கீழே நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தனர்.

"கீழ நின்டு வெட்டுறவங்க எல்லாம் கொஞ்சம் ஒதுங்குங்க. மேல நின்டு வெட்டுறவன் ஒருத்தன்தான் இருக்கான்" என்றது மரத்திலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் சிரித்துக்கொண்டு விலகினர். பிறகு அந்தக் குரல் அன்னபாக்கியத்தை நோக்கித் திரும்பியது.

"மிஸ், நீங்கதானே கிட்ட நிக்கிறீங்க. மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணிட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. கொப்புக்குப் பக்கத்துல வயர் போகுது. கரண்டுக்கு ஆள் தெரியாது."

அதுவே அவர் அன்னபாக்கியத்திடம் முதன்முதலாகக் கேட்டது. அன்னபாக்கியம் போய் அணைத்துவிட்டு வந்து, "அணைச்சிட்டன்" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி, வேறு எதையும் விசாரிக்காமல், றேமண்ட் சங்கிலி வாளை இயக்கினார்.

றேமண்ட் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர். தகப்பனைப் போலவே துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர்; பாரந்தூக்கிகளின் மின்கோளாறுகளைத் திருத்தும் பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுச் சுயவிருப்பில் ஓய்வு பெற்றவர். கிடைத்த தொகையில் புல் வெட்டும் இயந்திரம் ஒன்றும், பெற்றோலில் ஓடும் சங்கிலி வாள் ஒன்றும், அவற்றை ஏற்றிச் செல்லப் பழைய முச்சக்கர வண்டியொன்றும் வாங்கினார். இரண்டே ஆண்டுகளில் அந்த ஒழுங்கையில் அவர் கால்வைக்காத வளவு இல்லை என்றாயிற்று. புல் வெட்ட வருவார். வந்த இடத்தில் ஓடாத மின்விசிறியையும் ஒலிக்காத வாயில்மணியையும் திருத்திவிட்டுப் போவார். வேலை முடிந்ததும் வயரை வெறுமனே உருட்டி வைக்கமாட்டார். முழங்கைக்கும் பெருவிரலுக்கும் இடையே எட்டுப் போலச் சுற்றி, நுனியால் சுருளின் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு வைப்பார்.

"ஹாபர்ல வயரை முறுக்கி வச்சா போர்மன் ஒரு நாள் சம்பளத்த வெட்டுவான், மிஸ். முறுக்கின வயர் உள்ளுக்குள்ள உடையும். வெளியில தெரியாது" என்பார்.

அன்னபாக்கியம் காப்புறுதி நிறுவனமொன்றின் இழப்பீட்டுப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். நனைந்த தொலைக்காட்சிப் பெட்டி, கருகிய குளிர்சாதனப் பெட்டி, விழுந்துடைந்த கணினி என்று மக்கள் கொண்டுவரும் விண்ணப்பங்களைப் படித்து, உண்மை எது, பொய் எது என்று பிரிப்பதே அவருடைய தொழில். "சாதாரணமாகப் பாவித்துக்கொண்டிருந்தபோது தானாகவே நின்றுவிட்டது" என்ற வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவை படித்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. அந்த வாக்கியத்தைக் கண்டவுடன் சிவப்புப் பேனையை எடுத்துவிடுவார். ஒழுங்கையில் எல்லாரும் அவரைக் கண்டிப்பானவர் என்றும் நேர்மையானவர் என்றும் சொல்வார்கள். அவரும் அப்படியே நம்பியிருந்தார்.

2022இல் பெற்றோல் கிடைக்காமற்போனது. றேமண்டின் இயந்திரங்கள் மாதக்கணக்கில் படங்கால் மூடப்பட்டுக் கிடந்தன. அந்த ஆண்டு மார்கழியில் ரொறன்ரோவிலிருந்து வந்த அன்னபாக்கியத்தின் மகன் மிதுஷன் பற்றறியில் ஓடும் சங்கிலி வாள் ஒன்றைக் கொண்டுவந்தான். பற்றறியை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு, விமான நிலையத்தில் மூன்று இடங்களில் விளக்கம் சொல்லிக் கொண்டுவந்த பொருள் அது.

றேமண்ட் வாளைத் தூக்கிப் பார்த்தார். "சத்தமே இல்லாம வெட்டுது. மரத்துக்கே தெரியாது போல" என்று சிரித்தார். பிறகு சார்ஜரைப் புரட்டி, அடியிலிருந்த சிறிய எழுத்துகளைக் கண்ணருகே வைத்து வாசித்தார்.

"தம்பி, இது நூற்றியிருபது வோல்ட். எங்கட கரண்ட் இருநூற்றி முப்பது. நேராச் செருகினா அன்டைக்கே அடக்கம்தான். ஒரு ட்ரான்ஸ்போமர் பெட்டி வாங்கணும்."

பெட்டி வாங்கப்பட்டது. கருங்கல்லைப் போன்ற பாரம். வாளும் சார்ஜரும் பெட்டியும் அன்னபாக்கியத்தின் வீட்டு அலுமாரியில் வைக்கப்பட்டன. பெட்டி மட்டும் மேல்தட்டில். அதை இறக்குவதும் ஏற்றுவதும் அதன் வயரைச் சுற்றிவைப்பதும் றேமண்டின் வேலை. எட்டு மாதங்கள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன.

2023 ஆவணியில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். மறுநாள் காலையில் றேமண்ட் வந்து, கீழ்வீட்டுப் பஸீஹாவின் உடுப்புக்கொடிக்கு மேலே நீண்டிருந்த கொப்புகளை வெட்டுவதாக ஏற்பாடு. வந்தபின் சார்ஜ் போட்டால் ஒரு மணித்தியாலம் வீணாகுமே என்று அன்னபாக்கியம் நினைத்தார். பெட்டியை இறக்க முழங்கால் இடம் தரவில்லை. மிதுஷன் கொடுத்த கைத்தொலைபேசியின் சார்ஜரும் கனடாவிலிருந்து வந்ததுதான். அது ஒரு சிறிய வெள்ளை அடப்டர் மூலம் சுவரில் நேராகவே வேலை செய்தது. அது செய்தால் இதுவும் செய்யாதா? அந்த வெள்ளை அடப்டரில் வாளின் சார்ஜரைப் பொருத்தி, சுவரில் செருகி, சுவிட்சைப் போட்டார்.

பொட்டென்று ஒரு சத்தம். பச்சை விளக்கு ஒரு தடவை மின்னி அணைந்தது. பிளாஸ்ரிக் கருகும் மணம் அறை முழுவதும் பரவியது.

அவர் செய்தவை இவை: செருகியைக் கழற்றினார். யன்னல்களைத் திறந்தார். அடப்டரைப் பழைய இடத்தில் வைத்தார். சார்ஜரை ஈரத்துணியால் துடைத்து, அலுமாரியில் முன்பிருந்தபடியே வைத்தார். கணவர் நமசிவாயம் கடற்கரையில் நடந்துவிட்டுத் திரும்பியபோது, "என்ன மணமிது?" என்று கேட்டார். "பருப்பு அடிப்பிடிச்சுப்போச்சு" என்றார் அன்னபாக்கியம். நாற்பது ஆண்டுகளில் அவருடைய பருப்பு அடிப்பிடித்ததே இல்லை. நமசிவாயத்துக்கு அதைப் பற்றிய யோசனை எழவில்லை. காலையில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அன்னபாக்கியம் தமக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

காலையில் அவர் தேநீர் போட்டுக்கொண்டு கீழே வருவதற்குள், றேமண்ட் அலுமாரியிலிருந்து பெட்டியை இறக்கி, வாகனத் தரிப்பிடத்திலிருந்த மின்செருகுவாயில் பொருத்தி, சார்ஜரைப் பெட்டியில் செருகியிருந்தார். சார்ஜரில் விளக்கு எரியவில்லை. நமசிவாயம் தொடர்மாடிச் சங்கத்தின் செயலாளர்; குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகாதவர். பஸீஹாவும் கணவரும், மேல்மாடியினர் நால்வரும், காவலாளியும் அங்கே நின்றனர்.

"நேராச் செருகினனீரோ, றேமண்ட்?"

"இல்ல சேர். நான் தொடுறப்பவே செத்துக் கெடக்கு. மணந்து பாருங்க, இது இன்டைக்கு எரிஞ்சது இல்ல."

"அப்ப நான் எரிச்சனானோ? இல்லாட்டி இவ எரிச்சவவோ?" நமசிவாயம் மனைவியின் பக்கம் திரும்பினார். "இஞ்ச பாரும், நேற்று இது நல்லாத்தானே இருந்தது?"

றேமண்ட் தம் கையிலிருந்த வயரைப் பார்த்தார். பிறகு அன்னபாக்கியத்தைப் பார்த்தார். கோபம் அந்தப் பார்வையில் இல்லை. மரத்தின் மேலிருந்து மெயின் சுவிட்சை அணைத்துவரச் சொன்ன அன்றுபோல, ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் பார்வை.

"ஓம்" என்றார் அன்னபாக்கியம்.

"துறைமுகத்தில கிரேன் திருத்தினனான் எண்டு பெரிய கதை" என்று நமசிவாயம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஒரு சார்ஜர் செருகத் தெரியேல்லை. கரண்ட் தெரியாதவனைக் கூப்பிட்டது எங்கட பிழை."

றேமண்ட் பெட்டியின் வயரைக் கழற்றி, எட்டுப் போலச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பெட்டியின் மேல் வைத்தார். பிறகு கைவாளை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறி, பஸீஹாவின் கொடிக்கு மேலிருந்த கொப்புகளை ஒவ்வொன்றாக அறுத்து இறக்கிவிட்டுப் போனார். தேநீர் ஆறிப்போய் மதிலின் மேலே இருந்தது.

அதன்பின் சார்ஜரைத் தேடும் படலம். நமசிவாயம் காலி வீதிக் கடைகளிலும் புறக்கோட்டையிலும் அலைந்தார். ஒரு கடையில், அந்த நிறுவனத்தின் பொருள் இருக்கிறது, அந்த மாதிரி இல்லை என்றார்கள். இன்னொரு கடையில், கனடாவில் வாங்கியதற்கு உத்தரவாதமும் கனடாவில்தான் என்றார்கள். மூன்றாவது கடைக்காரர், புதிய வாளையே வாங்கினால் சார்ஜர் இலவசம் என்று நயமாகச் சொன்னார். போன இடமெல்லாம் நமசிவாயம் றேமண்டின் கதையைச் சொன்னார், ஒழுங்கையிலும் சொன்னார். அடுத்தடுத்த வீடுகளில் வேறு ஆள்கள் புல் வெட்டத் தொடங்கினார்கள்.

கடைசியில் மிதுஷன் நிறுவனத்துக்கே விண்ணப்பிப்போம் என்றான். "என்ன நடந்தது எண்டு நீங்கள் எழுதி அனுப்புங்கோ, அம்மா. இந்த வேலை உங்களுக்குக் கைவந்ததுதானே."

அன்னபாக்கியம் மேசையில் அமர்ந்து எழுதினார். பிழையில்லாத, ஒழுங்கான கடிதம். எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோதுதான், "சாதாரணமாகப் பாவித்துக்கொண்டிருந்தபோது தானாகவே நின்றுவிட்டது" என்ற வாக்கியம் தம் கையெழுத்தில் இருப்பதைக் கண்டார். சிவப்புப் பேனை மேசையில்தான் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. கடிதத்தைப் படம் பிடித்து, சார்ஜரின் படங்களோடு மிதுஷனுக்கு அனுப்பினார்.

பத்து நாள்களில் பதில் வந்தது. மிதுஷன் தொலைபேசியில் வாசித்துக் காட்டினான்.

"படத்தில தெரியிற கருகலைப் பாத்திட்டு, ஆரோ கூடின வோல்ட்டில நேராச் செருகியிருக்கினம், தரமாட்டம் எண்டு சொல்லுறாங்கள், அம்மா. அப்ப அப்பா சொன்னது சரிதான். றேமண்ட் அங்கிள் அப்பிடிச் செய்வார் எண்டு நான் நினைக்கேல்லை. வோல்ட்டை வாசிச்சுக் காட்டினதே அவர்தானே. வயசு போகுது, பாவம்."

அந்தப் 'பாவம்' அன்னபாக்கியத்தை ஊசியாய்க் குத்தியது. அதே கிழமையில் பஸீஹா படியில் மறித்துச் சொன்னாள்: "அன்ரி, றேமண்ட் நானா மெஷினெல்லாம் வித்துட்டாராம். மட்டக்குளியில ஒரு ஸ்டோர்ஸ்ல வாசல் காவலுக்கு நிக்கிறாராம். மரமேறின மனுசன் கதிரையில இருக்காரு."

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அன்னபாக்கியம் பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். தேவாலயத்துக்குப் பின்னால் 'தோட்டம்' எனப்படும் நெருக்கமான குடியிருப்பில் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமிருக்கவில்லை. றேமண்டின் மனைவி பேர்ணடெற் கதவைத் திறந்தாள். அவரை யாரென்று அறிந்ததும், வாருங்கள் என்று சொல்லாமல், கதிரையை மட்டும் இழுத்துப் போட்டாள்.

அன்னபாக்கியம் அமராமலே சொன்னார். "றேமண்ட், அந்தச் சார்ஜரை எரிச்சது நான். முதல் நாள் பின்னேரம் நேராச் செருகிப்போட்டன்."

"தெரியும் மிஸ்" என்றார் றேமண்ட்.

"எப்பிடி?"

"பெட்டியை இறக்கினப்ப வயர்ல நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்திச்சு. சார்ஜர்ல எரிஞ்ச மணம். அப்ப பெட்டியில போடாமத்தான் யாரோ போட்டிருக்காங்க. சேர் அலுமாரிப் பக்கமே போறதில்ல."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எல்லாருக்கும் முன்னால மிஸ்ஸைப் பொய்க்காரி ஆக்கவா? நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு நின்டேன்."

பேர்ணடெற் குசினி வாசலில் நின்றபடி சொன்னாள்: "வேலை போனதுக்கு இந்த மனுசன் கவலைப்படல்ல, மிஸ். வேலை போகும், வரும். கரண்ட் தெரியாதவன்னு சொன்னாங்க பாருங்க, அதுக்குத்தான் ரெண்டு நாள் சாப்பிடல்ல. இப்ப வீட்டுல பல்ப் மாத்தச் சொன்னாலும் 'எனக்குத் தெரியாதாம், யாரையாவது கூப்பிடு'ன்னு சொல்றாரு."

தலையை எங்கே திருப்புவது என்று அன்னபாக்கியத்துக்குத் தெரியவில்லை. "நான் ஒரு கடிதம் எழுதித் தாறன், றேமண்ட். பிழை என்னுடையது எண்டு கையெழுத்து வைச்சு."

"கடிதம் என்னத்துக்கு? என்னைப் பேசினது கடிதத்துல இல்லையே. பேசின இடத்துல, கேட்ட ஆக்களுக்கு முன்னால சொல்லுங்க. நான் வரமாட்டேன். சொன்னீங்கன்னா அது எனக்கு வந்து சேரும்."

திரும்பி வரும்போது றேமண்ட் பஸ் தரிப்பிடம் வரைக்கும் கூட வந்தார். பஸ் வரும்வரையில் நின்று, கடைசியாக இன்னொன்றும் கேட்டார். அதன்பின் இன்றுவரைக்கும் அவர் அன்னபாக்கியத்திடம் எதையும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு சங்கத்தின் மாதக் கூட்டம். அதே வாகனத் தரிப்பிடம், அதே ஆள்கள், காவலாளியையும் அன்னபாக்கியம் கூப்பிட்டு நிற்கச் சொல்லியிருந்தார். தண்ணீர்க் கட்டணக் கதை முடிந்ததும் அவர் எழுந்தார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஆவணியில எரிஞ்ச அந்தச் சார்ஜரை றேமண்ட் எரிக்கேல்லை. நான் எரிச்சனான். போன் சார்ஜரைப் போல இதையும் நேராப் போடலாம் எண்டு நினைச்சுச் செருகினனான்."

நமசிவாயம் கூட்டப் புத்தகத்தை மூடினார். மேல்மாடியிலிருந்து வந்த ஒருவர் சிரித்தபடி, "என்ர மனுசியும் இப்பிடித்தான், லண்டனிலிருந்து வந்த ஏதோ ஒண்டைச் செருகி, வீட்டுக்கே கரண்ட் இல்லாமற் செய்தவ" என்றார். சிலர் சிரித்தனர்.

"விடுங்க அன்ரி, தெரியாமச் செஞ்சதுதானே" என்றாள் பஸீஹா.

"சரி, சரி. தெரியாமல் நடந்தது. இரும்" என்றார் நமசிவாயம், முகத்தைப் பார்க்காமல்.

அமர்ந்திருக்கலாம். எல்லாரும் மன்னித்துவிட்ட முகத்தோடுதான் இருந்தார்கள். முப்பத்தொரு ஆண்டுகளில் எத்தனையோ பேர் இந்த இடத்தில் அமர்ந்துவிட்டதை அவர் கண்டிருக்கிறார். பாதி உண்மையைச் சொல்லி, மீதியை அதனடியில் மறைத்துவிட்டு. அவர் அமரவில்லை. கதிரையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். பஸ் தரிப்பிடத்தில் றேமண்ட் கேட்ட அந்தக் கடைசி வேண்டுகோள் காதில் அப்படியே இருந்தது.

"செருகினது தெரியாமத்தான், மிஸ். 'ஓம்'னு சொன்னது தெரிஞ்சு. சொல்றப்ப ரெண்டையும் ஒண்டா முறுக்கிராதீங்க. ரெண்டாவதையும் தனியாச் சொல்லுங்க."