நாலு விரல்

மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் றோசலினின் வீட்டுப் பின்தெருவைத் தாண்டினால் ஆறு. குளிர் இறுகும் பின்னேரங்களில் ஆற்று ஐஸ் முறுகிச் சத்தம் போடும், கீழேயிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல. ஐஸ் விரிசல் விட்டால் அப்படித்தான் கேட்கும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே வெங்காயம் வெட்டுகிற கத்தியை வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்து பார்ப்பாள். வெறும் பனி. பிறகு தன்னைத்தானே ஏசிக்கொண்டு கறியைக் கூட்டுவாள்.

பகலில் இப்படி இல்லை. சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் கார்டெரியில் அவள் சமையல்காரி. அங்கே அவள் அதட்டலுக்குப் பயந்து கரட் தின்னாத பிள்ளையும் கரட் தின்னும்.

அவள் புருஷனின் பேர் பற்றிக்; மன்னார்க் கடலில் வளர்ந்தவன், வலைக் கண்ணை விரலால் அளந்து பழகியவன். இங்கே வந்து புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினான், ஆனாலும் அளவு மாறவில்லை. சோற்றுக்கு விடும் தண்ணீரும், கார்க் கூரையில் விழுந்த பனியும் அவனுக்கு விரல் கணக்குத்தான்.

ஐந்து மாரிக் குளிருக்கு முன், கூட வேலை செய்த சவிரிமுத்து அவனை சென் லூயி ஏரிக்கு ஐஸில் மீன் பிடிக்கக் கூட்டிப் போனான். றோசலினும் போனாள், தேத்தண்ணிப் போத்தலோடு கரையில் நின்றாள்.

கரையோரம் ஐஸில் ஓட்டை போட்டதும் சவிரிமுத்து சொன்னான்: "அண்ணை, ஐஸ் நாலு இஞ்சித் தடிப்பு வேணுமாம். வேலையில வெள்ளையள் சொன்னவங்கள்."

"இஞ்சி எண்டா அங்குலம். அங்குலம் எண்டா விரல்தானேடா. நீயெல்லாம் மன்னாரான் எண்டு வெளியில சொல்லாத." பற்றிக் கையுறையைக் கழற்றி ஓட்டைக்குள் விரல்களை அடுக்கினான். "நாலு விரல் இருக்கு. ஆனையே நடக்கும்."

நாலு விரல் மூன்று இஞ்சிகூட வராது. போதாததற்கு அது பனி விழுந்து ஊறி உறைந்த வெள்ளை ஐஸ். கண்ணாடி போலத் தெளிந்த ஐஸின் பாதிப் பலம்தான் அதற்கு. இதையெல்லாம் பிறகு ஒரு பொலிஸ்காரர் தன் கட்டைவிரலைக் காட்டி அவளுக்கு விளங்கப்படுத்தினார்.

தேத்தண்ணி ஆறுகிறதென்று, ஏரியின் நடுப்பக்கம் நடந்துகொண்டிருந்தவனை "இஞ்சாருங்கோ!" என்று கூப்பிட்டாள். புருஷனின் பேரை அவள் வாயால் சொன்னதில்லை, அவள் தாயும் சொன்னதில்லை. காற்றில் அந்த 'இஞ்சாருங்கோ' யாரையும் போய்ச் சேரவில்லை. பற்றிக்கின் காலடியில் ஐஸ் உடைந்தது. பின்னால் போன சவிரிமுத்து ஐஸில் குப்புறப் படுத்து ஊர்ந்து கரைக்கு வந்தான். பற்றிக்கை மறுநாள்தான் எடுத்தார்கள்.

அப்போது ரொறன்ரோவில் இருந்த மகன் ஜோன்சனுக்கு "ஐஸ் உடைஞ்சது" என்று மட்டும் சொன்னாள். விரல் கதையைச் சொன்னால் தகப்பன் மகனுக்கு முன் மடையனாகிவிடுவான் என்று நினைத்தாள்.

இந்த மாரிக்கு ஜோன்சன் மொன்றியலுக்கே வந்துவிட்டான். ஞாயிறு பூசை முடிந்ததும், ஏரியில் சறுக்கப் போகிறோம் என்றான். வேண்டாமென்றால் இன்னும் வீம்பாகப் போவான். அவளும் காரில் ஏறினாள்.

"மாமி, நீங்கள் முறைக்கிற முறைப்பில ஐஸ் உருகப்போகுது," என்றாள் மருமகள் அனோஜினி, சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே.

ஜோன்சன் கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் ஓட்டை போட்டான். குனிந்தபோது முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகை அவளுக்குத் தெரியும். கையுறை கழன்றது. விரல்கள் உள்ளே போயின.

"நாலு விரல் இருக்கு. ஆனையே நடக்கும்!"

அந்தச் சொல்லை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் எழுந்து ஏரியின் நடுப்பக்கம் ஓரடி வைத்தான்.

"பற்றிக்!"

கத்தியது தான்தான் என்று அவளுக்கே உடனே விளங்கவில்லை. அனோஜினி கயிற்றை விட்டுவிட்டாள். ஜோன்சன் நின்றான். தாயின் வாயிலிருந்து அந்தப் பேர் வந்து அவன் கேட்டதேயில்லை. திரும்பி வந்தான், மெல்ல, வந்த தடத்திலேயே.

காருக்குள் ஹீட்டர் இரைந்தது. ஜோன்சன் கேட்டான்: "அம்மா, ஏன் அப்பாவைக் கூப்பிட்டனீங்கள்?"

அவள் சொன்னாள். விரல், அங்குலம், ஆனை, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, "உன்ர அப்பா மடையன் இல்லை," என்றாள்.

"இல்லையம்மா. நானும் அப்பிடித்தானே அளந்தனான்."

வெளியே, அவன் போட்ட ஓட்டையைத் தாண்டி, ஒரு குடும்பம் சறுக்குவண்டியில் குழந்தையை இழுத்துக்கொண்டு போனது. ஐஸ் தாங்கியது. எவ்வளவு தூரத்துக்குத் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஜோன்சன் கதவைத் திறந்து இறங்கி, கரையோரமாக ஓடினான், கைகளை ஆட்டி அரைகுறைப் பிரெஞ்சில் கத்திக்கொண்டு.

றோசலின் கார்க் கண்ணாடியைத் துடைத்தாள். குழந்தையை இழுத்துப் போன மனிதர் வண்டியைத் திருப்புகிறாரா என்று அனோஜினி எட்டிப் பார்த்தாள். றோசலின் பார்த்தது மகனின் கால்களை மட்டும்.